கிரகணத்தைக் கொண்டு விண்மீனை அளந்தவர்கள்

கேள்வியில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன: கிரேக்க அறிஞர் தேலீஸ் கி.மு. 585-இல் ஒரு சூரிய கிரகணத்தை முன்கூட்டியே சொன்னார் என்பது உண்மையா, தொலைநோக்கி இல்லாத காலத்தில் கிரேக்கர்கள் ஆயிரம் விண்மீன்களுக்கு எப்படி இடம் குறித்தார்கள், இதற்கும் நம் ஊர்ப் பஞ்சாங்கத்துக்கும் தொடர்பு உண்டா. முதல் கேள்விக்குப் பதில் சின்னது. இரண்டாவதில்தான் விஷயமே இருக்கிறது. விண்மீன்களை வரைபடமாக்குவது ஒரு வேலை, கிரகணத்தைக் கணிப்பது வேறு வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிரேக்கர்களுக்கு இரண்டும் ஒரே வேலை. கிரகணம்தான் அவர்கள் கையில் இருந்த மிகத் துல்லியமான அளவுகோல்.

சரி, தேலீஸ். லிடியர்களும் மீடியர்களும் (இன்றைய துருக்கி, ஈரான் பகுதிகளில் இருந்த இரண்டு அரசுகள்) ஆறாவது ஆண்டாகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது நடுப்போரில் பகல் இரவானது, இரண்டு படைகளும் ஆயுதத்தைக் கீழே போட்டுச் சமாதானம் பேசின, இப்படி நடக்கும் என்று மிலேட்டஸ் நகரத்துத் தேலீஸ் முன்பே அயோனியர்களிடம் (அந்தக் கரையோரக் கிரேக்கர்களிடம்) சொல்லியிருந்தார் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அந்தக் கிரகணம் கி.மு. 585 மே 28 அன்று வந்தது என்பதைப் பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள், அன்று மாலை இன்றைய துருக்கியில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது என்று இன்றைய கணக்கும் சொல்கிறது. ஆனால் ஹெரோடோட்டஸ் இதை எழுதியது ஏறக்குறைய 150 ஆண்டுகள் கழித்து. அவர் எழுதியதிலும் தேலீஸ் நாளைச் சொன்னதாக இல்லை, எந்த ஆண்டுக்குள் நடக்கும் என்று சொன்னதாகத்தான் இருக்கிறது.

தேலீஸ் பாபிலோனியர்களின் 18 ஆண்டுச் சுழற்சியைப் பயன்படுத்தியிருப்பார் என்று பல இடங்களில் படிக்கலாம். இதை நான் ஏற்கவில்லை, காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் இந்தச் சுழற்சி தேவைப்படும்.

சந்திரனின் பாதை சூரியன் செல்லும் பாதைக்கு ஏறக்குறைய 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு அமாவாசைக்கும் சூரிய கிரகணமோ ஒவ்வொரு பௌர்ணமிக்கும் சந்திர கிரகணமோ வருவதில்லை, பாதைகள் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகளுக்கு (நாம் ராகு, கேது என்று சொல்வது இவற்றைத்தான்) அருகில் சந்திரன் இருக்கும்போது மட்டும் வருகிறது. 223 சந்திர மாதங்கள் கழிந்தால், அதாவது 6,585 நாளும் 8 மணி நேரமும் கழிந்தால், மூன்று கணக்குகள் ஒன்றாகத் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுகின்றன. அமாவாசை மறுபடி அமாவாசை ஆகிறது, சந்திரன் அதே வெட்டுப்புள்ளிக்கு அருகே வந்து நிற்கிறது, பூமியிலிருந்து அதன் தூரமும் ஏறக்குறைய பழைய தூரமே. ஆக, 18 ஆண்டும் 11 நாளும் கழித்து அதே மாதிரி ஒரு கிரகணம் திரும்ப வருகிறது. சாரோஸ் சுழற்சி என்று இன்று சொல்வது இதைத்தான்.

சிக்கல் அந்த 8 மணி நேரத்தில் இருக்கிறது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுற்றிவிடும். 2010 ஜனவரி 15 அன்று கன்னியாகுமரி, ராமேஸ்வரம், யாழ்ப்பாணம் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணத்தைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அதன் அடுத்த பிறவி 2028 ஜனவரி 26 அன்று வருகிறது, ஆனால் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் ஸ்பெயினிலும்தான் கங்கணமாகத் தெரியும், தமிழ்நாட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது நடந்ததே தெரியாது. ஒரே ஊரில் உட்கார்ந்து சூரிய கிரகணங்களை எழுதி வைப்பவருக்கு இந்தச் சுழற்சி கண்ணில் படுவது மிகக் கடினம். சந்திர கிரகணம் அப்படி இல்லை, நடக்கும் நேரத்தில் இரவாக இருக்கிற பாதி பூமிக்கும் அது தெரியும், ஆகவே பதிவுகள் வேகமாகச் சேரும், ஒழுங்கும் வெளியே வரும். அந்தக் கால பாபிலோனியர்களால் சந்திர கிரகணத்தை நன்றாகவே எதிர்பார்க்க முடிந்தது. சூரிய கிரகணத்தைப் பொறுத்தவரை "இந்த அமாவாசையில் வாய்ப்பு உண்டு" என்பதற்கு மேல் சொல்ல முடியாது, எந்த ஊரில் தெரியும் என்று சொல்லும் வழி யாரிடமும் இல்லை. தேலீஸ் ஏதோ ஒன்றைச் சொல்லி அது பலித்திருக்கலாம், அல்லது அறிவாளி என்ற பெயர் வந்த பிறகு கதை அவர்மேல் ஏறியிருக்கலாம். கணித்தார் என்று நான் எழுத மாட்டேன்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தேலீஸ் கதை இவ்வளவு பரவியிருக்கிறது, ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் இரவு இரவாக விழித்திருந்து களிமண் பலகையில் குறித்துவைத்த பாபிலோனியப் பதிவாளர்களை யாரும் பேசுவதில்லை. நபோனசார் என்ற அரசர் ஆட்சிக்கு வந்த கி.மு. 747-இலிருந்து பழைய பதிவுகள் தமக்குத் தொடர்ந்து கிடைப்பதாக அலெக்சாண்ட்ரியாவின் வானியலாளர் டாலமி பின்னாளில் எழுதினார். அவர் கணக்கில் எடுத்துக்கொண்ட மிகப் பழைய கிரகணம் கி.மு. 721 மார்ச் 19 அன்று பாபிலோனில் பார்த்த சந்திர கிரகணம். டாலமி வாழ்ந்தது கி.பி. 2-ஆம் நூற்றாண்டில். 850 ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு நாட்டில் வேறொரு மொழியில் எழுதிய ஒரு இரவின் குறிப்பு அவருக்குத் தேதியோடும் நேரத்தோடும் கிடைத்திருக்கிறது. இந்தக் கடனை அவர் மறைக்கவும் இல்லை, எங்கே பார்த்த கிரகணம் என்பதைச் சொல்லித்தான் கணக்கைத் தொடங்குகிறார்.

அப்படியானால் கிரேக்கர்கள் செய்தது என்ன? பாபிலோனியர்கள் எண்களின் ஒழுங்கைக் கண்டுபிடித்தார்கள், கிரேக்கர்கள் அந்த எண்களுக்குப் பின்னால் கோளங்களும் நிழல்களும் கோணங்களும் இருப்பதாக எடுத்துக்கொண்டார்கள். அது சாதாரண விஷயம் இல்லை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அனாக்ஸகோரஸ் சந்திரனுக்குச் சொந்த ஒளி கிடையாது, சூரிய ஒளியைத்தான் காட்டுகிறது, பூமியின் நிழல் விழும்போது அது மறைகிறது என்று சொன்னார். சூரியன் நெருப்பாய்க் கனன்றுகொண்டிருக்கும் கல், கிரீஸின் தென்பகுதியான பெலொப்பொனீஸ் நிலப்பரப்பைவிடப் பெரியது என்றும் சொன்னார். இதற்காக ஏதென்ஸில் தெய்வ நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது.

விளக்கம் இருந்தாலும் அது ஊருக்குள் இறங்க எவ்வளவு காலம் ஆனது என்பதற்கு கி.மு. 413 ஆகஸ்ட் 27 சாட்சி. சிசிலித் தீவின் சிரகூஸ் நகரை முற்றுகையிட்டுத் தோற்றுக்கொண்டிருந்த ஏதென்ஸ் படை கப்பலேறத் தயாராக இருந்த இரவில் சந்திர கிரகணம் வந்தது. தளபதி நிக்கியாஸ் குறிசொல்பவர்கள் பேச்சைக் கேட்டு மூன்று ஒன்பது நாட்கள், அதாவது 27 நாட்கள், நகரக் கூடாது என்றார். அந்தத் தாமதத்தில் எதிரிகள் துறைமுக வாயிலை அடைத்துவிட்டார்கள். படை முழுவதும் அழிந்தது, 7,000-க்குக் குறையாதவர்கள் கல்குவாரியில் கைதிகளாக அடைக்கப்பட்டார்கள். இதை எழுதிய தூசிடிடீஸுக்கு சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும் என்பது தெரியும், கி.மு. 431 கிரகணத்தைப் பற்றி எழுதும்போது சொல்கிறார். தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே நகரத்தில் இருந்தார்கள்.

இப்போது அளவுகோலுக்கு வருகிறேன். கிரகணம் நிழல்தான் என்று புரிந்துவிட்டால் அப்புறம் அந்த நிழலை வைத்து என்னென்ன அளக்கலாம் என்று பாருங்கள். அரிஸ்டாட்டில் நிழலின் விளிம்பு எப்போதும் வளைவாகவே இருக்கிறது என்பதை எடுத்துப் பூமி உருண்டை என்றார், எகிப்திலும் சைப்ரஸிலும் தெரியும் சில விண்மீன்கள் வடக்கே போனால் தெரிவதில்லை என்பதையும் கூடவே சேர்த்தார். சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் சந்திரன் இருக்கும் தூரத்தில் பூமியின் நிழல் சந்திரனைப்போல் இரண்டு மடங்கு அகலம் என்று வைத்துக்கொண்டு சந்திரனின் அளவைக் கணக்கிட்டார் (சரியான விகிதம் இரண்டரைக்குச் சற்று மேல், டாலமி பிற்பாடு 2.6 என்று வைத்தார்). அதே அரிஸ்டார்க்கஸ் அரைச் சந்திரன் அன்று சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடைப்பட்ட கோணம் 87 டிகிரி என்று எடுத்துக்கொண்டு சூரியன் சந்திரனைப்போல் 18 முதல் 20 மடங்கு தூரத்தில் இருக்கிறது என்றார். உண்மைக் கோணம் 90-க்கு மிக நெருக்கம், உண்மைத் தூரம் ஏறக்குறைய 390 மடங்கு. விடை தவறு, வழி சரி. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னவரும் இவர்தான், அந்த நூல் அழிந்துவிட்டது, ஆர்க்கிமிடீஸ் குறிப்பிட்டதால் நமக்குத் தெரிகிறது.

இந்த வரிசையில் எனக்கு மிகப் பெரியவர் ஹிப்பார்க்கஸ். நிக்கேயாவில் பிறந்தவர், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் வேலை செய்தவர். ஒரு சூரிய கிரகணம் இன்றைய துருக்கியின் ஹெலஸ்பான்ட் நீரிணைப் பகுதியில் முழுதாகத் தெரிந்தது, அலெக்சாண்ட்ரியாவில் ஐந்தில் நான்கு பங்குதான் மறைந்தது. அந்த ஐந்தில் ஒரு பங்கு வித்தியாசம் ஏன்? இரண்டு ஊர்களிலிருந்து பார்க்கும்போது சந்திரன் சூரியனுக்கு முன்னால் கொஞ்சம் இடம் மாறித் தெரிகிறது. சூரியனின் அகலம் அரை டிகிரி, அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் கோணம் கையில் இருக்கிறது, இரண்டு ஊருக்கும் உள்ள தூரமும் தெரியும், மீதி முக்கோணக் கணக்கு. இப்படி அவர் சந்திரனின் தூரம் பூமியின் ஆரத்தைப்போல் 71 முதல் 83 மடங்கு என்று எடுத்தார், வேறொரு வழியில் கணக்கிட்டு 62 முதல் ஏறக்குறைய 73 மடங்கு வரை என்றார். இன்றைய சராசரி அளவு 60 மடங்கு. வெறும் கண்ணால்!

சந்திர மாதத்தின் நீளத்தையும் கிரகணத்தை வைத்தே சோதித்தார்கள். பழைய பாபிலோனிய கிரகணத்தையும் தன் காலத்து கிரகணத்தையும் எடுத்து, நடுவில் 1,26,007 நாளும் 1 மணியும் கழிந்தன, அதில் 4,267 மாதங்கள் என்ற இடைவெளியை ஹிப்பார்க்கஸ் பயன்படுத்தியதாக டாலமி சொல்கிறார். அது 345 ஆண்டு இடைவெளி. கிரகண நேரத்தைக் குறிப்பதில் அரை மணி தவறு இருந்தாலும் நாலாயிரம் மாதத்துக்குப் பிரித்துவிட்டால் ஒரு மாதத்துக்கு அரை விநாடிகூட வராது. அவர்கள் வைத்திருந்த மாதம் 29 நாள் 12 மணி 44 நிமிடம் மூன்றேகால் விநாடிக்குச் சற்று அதிகம். பாபிலோனியரிடமிருந்து வந்த எண் அது, இன்றைய சராசரியோடு ஒரு விநாடிகூட வேறுபடாது.

இனி விண்மீன். இரண்டு விண்மீன்களுக்கு இடையே உள்ள கோணத்தை அளக்க ஒரு பார்வைக்குழாயும் கோணம் குறித்த வளையமும் போதும். ஆனால் வரைபடம் என்றால் தொடக்கப் புள்ளி வேண்டும், எல்லாத் தூரத்தையும் எங்கிருந்து எண்ணுவது என்று தெரிய வேண்டும். கிரேக்கர்கள் அதற்குச் சூரியப் பாதையையே எடுத்தார்கள், பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளில் சூரியன் நிற்கும் புள்ளியைப் பூஜ்யமாக வைத்தார்கள். இங்கேதான் முட்டுகிறது. சூரியன் இருக்கும்போது விண்மீன் தெரியாது, விண்மீன் தெரியும்போது சூரியன் இல்லை. சூரியனிலிருந்து ஒரு விண்மீன் எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறது என்று நேரடியாக அளக்க வழியே இல்லை.

வழி சந்திரன் மூலமாகத்தான். முழு சந்திர கிரகணத்தின் நடுக்கட்டத்தில் சந்திரன் பூமி நிழலின் மையத்தை ஒட்டி நிற்கிறது, நிழலோ சூரியனுக்கு நேர் எதிரே, சரியாக 180 டிகிரியில். அந்த நிமிடத்தில் சந்திரனின் இடத்தை அளக்கவே வேண்டாம், தேதியை வைத்துச் சூரியனின் இடத்தைக் கணக்கிட்டு 180-ஐக் கூட்டினால் போதும். பிறகு சந்திரனுக்கும் பக்கத்தில் இருக்கும் விண்மீனுக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிட்டால் அந்த விண்மீனின் இடம் கிடைத்துவிடும். ஒரு விண்மீனின் இடம் உறுதியானால் அதிலிருந்து பக்கத்து விண்மீன், அதிலிருந்து அடுத்தது என்று வானம் முழுக்கப் போகலாம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் பௌர்ணமி நிலா சித்திரை நட்சத்திரத்துக்கு அருகே வரும், ஆகவே ஹிப்பார்க்கஸ் சித்திரையைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்கு முன்பே, கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், டிமோக்காரிஸ் என்பவர் அலெக்சாண்ட்ரியாவில் விண்மீன் இடங்களை அளந்து குறித்திருந்தார். அந்தக் குறிப்புப்படி சித்திரை இலையுதிர்காலச் சமநாள் புள்ளிக்கு 8 டிகிரி மேற்கே இருந்தது. ஹிப்பார்க்கஸ் தன் காலத்தில் அளந்தபோது 6 டிகிரிதான் இருந்தது. இந்த அளவு ஒன்றும் சுலபமாக வரவில்லை: கி.மு. 146-இல் ஒரு கிரகணத்தின்போது ஆறரை டிகிரி என்று வந்தது, கி.மு. 135-இல் இன்னொன்றின்போது ஐந்தேகால் என்று வந்தது. பதினோரு ஆண்டில் ஒன்றேகால் டிகிரி நகர்ந்திருக்க முடியாது, அது அளவையின் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்தை அவர் ஒளிக்காமல் எழுதி வைத்ததால்தான் டாலமி வழியாக இன்று நமக்குத் தெரிகிறது. அதையும் தாண்டி, 150 ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளியில் 2 டிகிரி என்பது தவறாக இருக்க முடியாது என்று முடிவு செய்து, விண்மீன்கள் எல்லாம் சேர்ந்து சமநாள் புள்ளியிலிருந்து மெதுவாக விலகுகின்றன, நூறு ஆண்டுக்கு ஒரு டிகிரிக்குக் குறையாமல், என்றார். அயனச் சலனம் என்று நாம் சொல்வது இதுதான். பூமியின் அச்சு பம்பரம் தலையாட்டுவதுபோல ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒரு சுற்று ஆடுவதால் வருவது, சரியான வேகம் 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி. இதை நீங்களே சரிபார்க்கலாம்: இன்று சித்திரை அதே புள்ளிக்கு ஏறக்குறைய 24 டிகிரி கிழக்கே இருக்கிறது. அன்று 6 மேற்கே, இன்று 24 கிழக்கே, மொத்தம் 30. அதை 72-ஆல் பெருக்கினால் 2,160 ஆண்டு, நேராகப் போய் ஹிப்பார்க்கஸ் காலத்தில் நிற்கும்.

அவருடைய விண்மீன் பட்டியல் தொலைந்துபோனது. புதிய விண்மீன் ஒன்று தோன்றியதைப் பார்த்துத்தான் பட்டியல் போடும் எண்ணம் அவருக்கு வந்தது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்கிறார். முழுதாகக் கிடைத்திருக்கும் பட்டியல் டாலமியுடையது, கி.பி. 150 வாக்கில் அலெக்சாண்ட்ரியாவில் எழுதிய 13 பகுதி கொண்ட அல்மஜெஸ்ட் நூலின் 7, 8-ஆம் பகுதிகளில் இருக்கிறது. 48 விண்மீன் கூட்டங்கள், 1,022 இடங்கள். ஒவ்வொன்றுக்கும் அது உருவத்தின் எந்த உறுப்பில் இருக்கிறது என்ற வர்ணனை (கரடியின் வால் நுனி, கன்னியின் இடக்கை என்கிற மாதிரி), சூரியப் பாதை நெடுக எத்தனை டிகிரி, பாதையிலிருந்து வடக்கே அல்லது தெற்கே எத்தனை டிகிரி, அப்புறம் பிரகாசம் 1 முதல் 6 வரை. அந்த ஆறு படிகள்தான் இன்று தொலைநோக்கிக்காரர்கள் பயன்படுத்தும் அளவுக்கும் அடிப்படை. கிரகணத்துக்காகக் காத்திருக்காமல் அளக்கவும் டாலமியிடம் ஒரு வழி இருந்தது: சூரியன் மறையும் நேரத்தில் வளையக் கோளத்தால் சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள கோணத்தை அளந்து, அரை மணி கழித்து இருட்டியதும் சந்திரனுக்கும் மக நட்சத்திரத்துக்கும் உள்ள கோணத்தை அளப்பது. கி.பி. 139 பிப்ரவரி 23 அன்று இப்படிச் செய்ததாக எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒரு பழி அவர்மேல் உண்டு. பட்டியலின் இடங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரு டிகிரி குறைவாகவே இருக்கின்றன. ஹிப்பார்க்கஸ் காலத்துக்கும் தன் காலத்துக்கும் இடைவெளி 265 ஆண்டு என்று வைத்து, நூற்றாண்டுக்கு ஒரு டிகிரி வீதம் 2 டிகிரி 40 நிமிடத்தைப் பழைய பட்டியலில் கூட்டினால் சரியாக இந்தத் தவறுதான் வரும், உண்மையில் கூட்ட வேண்டியது மூன்றரைக்கு மேல். ஆகவே அவர் அளக்கவே இல்லை, ஹிப்பார்க்கஸ் பட்டியலை எடுத்து எண்ணைக் கூட்டிப் போட்டுவிட்டார் என்று 16-ஆம் நூற்றாண்டில் டைக்கோ பிராஹே காலத்திலிருந்தே சொல்கிறார்கள், 1977-இல் ராபர்ட் நியூட்டன் என்ற அமெரிக்க அறிவியலாளர் டாலமியைக் குற்றவாளி என்றே எழுதினார். அவருடைய சூரியக் கணக்கிலேயே ஏறக்குறைய ஒரு டிகிரி பிழை இருந்ததால் நேர்மையாக அளந்தாலும் இதே தவறு வந்திருக்கும் என்று எதிர்ப்பக்கம் சொல்கிறது.

2022-இல் இந்த வழக்கில் புதிய சாட்சி வந்தது. சினாய் மலையடிவாரத்தில் இருக்கும் புனித கேத்தரின் மடத்திலிருந்து வந்த ஒரு பழைய தோல் ஏட்டில், முதலில் எழுதியிருந்ததைச் சுரண்டி அழித்துவிட்டு மேலே சிரியாக் மொழியில் சமய நூல் எழுதியிருந்தார்கள். பல அலைநீள ஒளியில் படமெடுத்துப் பார்த்தபோது அடியில் கிரேக்க எழுத்து தெரிந்தது, அதில் வடக்கு மகுடம் என்ற சிறிய விண்மீன் கூட்டத்தின் நீள அகலமும் எல்லை விண்மீன்களின் இடங்களும் டிகிரியில் இருந்தன. பாரிஸின் விக்டர் ஜீசம்பெர்க், இமானுவல் சிங், கேம்பிரிட்ஜின் பீட்டர் வில்லியம்ஸ் மூவரும் அயனச் சலனத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தபோது எண்கள் கி.மு. 129 வாக்கில் பொருந்தின, அதாவது ஹிப்பார்க்கஸ் காலம். பிழை ஒரு டிகிரிக்குள். டாலமியின் எண்களோடு இவை அப்படியே ஒத்துப்போகவில்லை. முழுக்க நகல் என்ற குற்றச்சாட்டு இதனால் பலவீனமாகிறது என்பது என் கருத்து, பழையதும் தன் அளவைகளும் கலந்து தொகுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். தான் கண்டுபிடித்த அயனச் சலனத்தைக் கொண்டே ஹிப்பார்க்கஸின் எண்களுக்கு இன்று காலம் குறிக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இவ்வளவு கணக்கும் தாளில் மட்டும் இருக்கவில்லை, பித்தளை நிறப் பல்சக்கரங்களிலும் இறங்கியிருந்தது. 1901-இல் கிரீஸின் ஆன்டிகித்தேரா தீவுக்கு அருகே, கி.மு. 1-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய கப்பலிலிருந்து கடற்பஞ்சு எடுக்கும் முக்குளிப்பாளர்கள் கொண்டுவந்த பொருட்களில் பச்சை படிந்த வெண்கலக் கட்டி ஒன்று இருந்தது. இன்று ஏதென்ஸ் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் 82 துண்டுகளாக இருக்கிறது, 30 பல்சக்கரங்கள் எஞ்சியிருக்கின்றன. 2005-இல் ஒரு பெரிய எக்ஸ்ரே ஸ்கேன் கருவியை அருங்காட்சியகத்துக்கே கொண்டுவந்து உள்ளே பார்த்தார்கள். பெரிய சக்கரம் ஒன்றுக்குச் சரியாக 223 பற்கள். சாரோஸ்! பின்பக்கத்தில் நான்கு சுற்றுச் சுருளாக ஒரு முகப்பு, அதில் 223 கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மாதம். கிரகணம் வர வாய்ப்புள்ள மாதங்களில் மட்டும் குறி: சந்திர கிரகணம் என்றால் செலீனி (கிரேக்கத்தில் சந்திரன்) என்பதன் முதல் எழுத்து, சூரிய கிரகணம் என்றால் ஹீலியோஸ் (சூரியன்) என்பதன் முதல் எழுத்து, கூடவே மணி. நான் மேலே சொன்ன அந்த 8 மணி நேரச் சிக்கலுக்கும் தனியாக ஒரு சிறு முகப்பு வைத்திருந்தார்கள், அதில் எண் இல்லாத ஒரு பகுதி, 8, 16 என்று மூன்றே பகுதிகள். முதல் சுற்றில் எதையும் கூட்ட வேண்டாம், இரண்டாவதில் 8 மணி, மூன்றாவதில் 16 மணி, நான்காவதில் மறுபடி முதலிலிருந்து. சந்திரன் சில நாள் வேகமாகவும் சில நாள் மெதுவாகவும் ஓடுவதை, ஒரு சக்கரத்தின் முளை இன்னொரு சக்கரத்தின் காடிக்குள் சறுக்குமாறு வைத்துக் காட்டியிருக்கிறார்கள். செய்தவர் யார் என்று பெயர் இல்லை.

ஒரு குறிப்பிட்ட ஊரில் சூரிய கிரகணம் எத்தனை மணிக்குத் தொடங்கும், எவ்வளவு மறையும் என்று சொல்ல அந்தக் கருவி போதாது, அதற்குச் சந்திரன் ஊருக்கு ஊர் இடம் மாறித் தெரிவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். அதை முறையாகச் செய்து காட்டியது டாலமி. அவருடைய அட்டவணைகளை வைத்து அலெக்சாண்ட்ரியாவின் தியான் (கணித அறிஞர் ஹைப்பேஷியாவின் தந்தை) கி.பி. 364 ஜூன் 16 சூரிய கிரகணத்தைத் தன் ஊருக்குக் கணக்கிட்டு, பிறகு வானத்தில் பார்த்துச் சரிபார்த்து எழுதினார். தேலீஸ் செய்ததாகச் சொல்லப்படும் வேலை நிஜமாகக் கைக்கு வர ஏழெட்டு நூற்றாண்டுகள் ஆயின.

எல்லாம் சரியாகவே நடந்தது என்றும் நினைத்துவிட வேண்டாம். அலெக்சாண்டர் கௌகமேலாவில் போரிடுவதற்குச் சில நாட்கள் முன், கி.மு. 331 செப்டம்பர் 20-இல், ஒரு சந்திர கிரகணம் வந்தது. அது கௌகமேலா பக்கத்து அர்பேலாவில் இரவின் ஐந்தாம் மணியிலும் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இரண்டாம் மணியிலும் தெரிந்தது என்ற செய்தியை டாலமி தன் புவியியல் நூலில் எடுத்தாள்கிறார். மூன்று மணி என்றால் தீர்க்கரேகையில் 45 டிகிரி, உண்மை வித்தியாசம் 34 டிகிரிதான். இரண்டு ஊரில் ஒரே கிரகணத்தின் நேரத்தைக் குறித்து ஊர்களின் கிழக்கு மேற்குத் தூரத்தைக் காணலாம் என்பது அருமையான யோசனை, ஆனால் நம்பும்படியான ஒரு ஜோடிப் பதிவுக்கே அவர்கள் அவ்வளவு பஞ்சப்பட்டிருக்கிறார்கள்.

கடைசியாகப் பஞ்சாங்கம். தொடர்பு உண்டு, அதைச் சொல்வதில் யாருக்கும் குறைவு இல்லை. 6-ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த ஐந்து சித்தாந்தங்களில் (வானியல் நூல்களில்) ஒன்று ரோமக சித்தாந்தம், அதில் ஆண்டின் நீளம் 365 நாள் 5 மணி 55 நிமிடம் 12 விநாடி, ஹிப்பார்க்கஸ் வைத்த ஆண்டும் விநாடி பிசகாமல் அதே. இங்கே வந்த பிறகு ஆரியபட்டர் போன்றவர்கள் அதை வேறு கணக்கு முறைகளாக வளர்த்தார்கள் என்பது தனிக்கதை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் வழங்கிய வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 நாளுக்கு 248 வாக்கியங்கள் (அன்றன்றைய இடத்தைச் சொல்லும் மனப்பாட வரிகள்) உண்டு. ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வருவது அந்த நாட்களில் 9 முறை நடக்கும். இன்னும் திருத்தமாக 3,031 நாளில் 110 முறை. இந்த இரண்டு எண்களும் பாபிலோனியக் கணக்கில் வேர் கொண்டவை, எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளில் இருக்கின்றன, வாக்கிய முறையிலும் இருக்கின்றன. வானியல் வரலாற்றாளர் ஆட்டோ நாய்கபவர் 1952-இல் இந்த ஒற்றுமையை எடுத்துக் காட்டினார். அவருக்கு மூலமாக இருந்தது 1825-இல் சென்னையில் ஜான் வாரன் வெளியிட்ட காலசங்கலிதம் என்ற நூல். புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக் கணிதர் ஒரு சந்திர கிரகணத்தை, எழுதிய அட்டவணை எதையும் பார்க்காமல், மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களையும் தரையில் அடுக்கிய சோழிகளையும் கொண்டு கணக்கிட்டதை வாரன் படிப்படியாக அதில் எழுதி வைத்திருக்கிறார். பாபிலோனுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் அந்த எண்கள் யார் யார் வழியாக வந்தன என்பதில் நிறைய கண்ணிகள் இன்னும் காணோம், அதைத் தேட விரும்பும் இளைஞர்களுக்குக் கிரேக்கமும் சமஸ்கிருதமும் பழந்தமிழ்க் கணித ஏடுகளும் மூன்றும் தெரிந்திருக்க வேண்டும்.